கதை கீற ஜாகா

எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அதற்கு முன் எம்டன் என்றால் என் மாமியார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த புதிது. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் எங்கள் தெரு. குழாயடியில் ஒருத்தி, "உன் மாமியாக்காரி சரியான எம்டன்டி, பாத்து இரு" என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எம்டன்னா இன்னான்னு தெரியுமா?"

நாங்கள் முழித்தோம். அவருக்கு அதுதான் வேண்டும்.

"ஜெர்மன்காரன் கப்பலு. மொத உலக சண்டைல நம்ம ஹார்பராண்ட இருட்டுல வந்து நின்னுகினு குண்டு போட்டான். எண்ணெ டேங்க்கு பத்திகினு எரிஞ்சிச்சு. ஜனம் மூட்டைய கட்டிகினு ஊர வுட்டு ஓடிச்சு. வெள்ளைக்காரன் திருப்பிச் சுடறதுக்குள்ள ஆளு அம்பேல். அன்னிலேர்ந்து கில்லாடிங்களுக்கு அந்தப் பேரு. ஐகோர்ட்டு செவுத்துல குண்டு பட்ட எடத்துல கல்லே பதிச்சிக்கீறாங்க, போய் பாரு."

எங்கள் கண் விரிந்தது அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. என் மாமியார் வீட்டுப் பக்கம் தலையை ஆட்டிச் சொன்னார்: "அந்தக் குண்டுல ஒண்ணு உங்க ஊட்டுக் கூரை மேல உழுந்து வெடிக்காம பூட்ச்சு. அதான் ஆயா இன்னிக்கு வரிக்கும் வெடிச்சிகினு கீது."

"எவண்டா அவன் கஸ்மாலம்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் அவருக்குத் 'தெரியுமா' என்றே பெயர். "தெரியுமா வந்துட்டாருடா" என்பார்கள். நெடுநெடுவென்ற ஆள். ஆட்டோவுக்குள் குனிந்து குனிந்து முதுகு லேசாக வளைந்திருந்தது. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் நாலு லவங்கம். வாயில் ஒன்று. சாந்தோம் மாதாகோயில் வாசலிலோ கபாலி கோயில் குளக்கரையிலோ நின்றுகொண்டு வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொள்வார். அவர்களிடமும் அதே கேள்விதான்: "யூ நோ, மேடம்?" அடையாறு ஆலமரம் வரைக்கும் கதை ஓடும். வெள்ளைக்காரர்கள் தலையைத் தலையை ஆட்டுவார்கள். புரிந்ததா என்று அவர் கவலைப்பட்டதில்லை.

சும்மா இருக்கிற எதையும் அவர் சும்மா விடமாட்டார். அதுதான் அவர் குணம். என் பெண் ஐஸ் வாங்கித் தின்றால், "மெட்ராஸுக்கு மொதமொத ஐஸு எங்கேர்ந்து வந்திச்சு தெரியுமா? அமெரிக்காலேர்ந்து. கப்பல்ல. பீச்சாண்ட அத்த வெக்கறதுக்குன்னே ஒரு வூடு கட்டினாங்க" என்பார். அது நிஜம். பிற்பாடு அவள் பள்ளிக்கூடத்து டீச்சரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஐஸ் கட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரியின் மூக்குத்தி இருந்தது என்று அவர் சேர்த்துச் சொன்னது பொய். வெள்ளைக்காரி எந்த ஊரில் மூக்குத்தி போட்டாள்? பாதி நிஜம், பாதி தாளிப்பு. எது எது என்று பிரிப்பது கஷ்டம். கேட்கிறவர் கண் விரியவில்லை என்றால் தாளிப்பு கூடும்.

அவர் சம்சாரம் குள்ளமான அம்மாள். கபாலி கோயில் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தாள். நான் அக்கா என்பேன். அவளுக்கு மட்டும் கண் விரியவே விரியாது.

ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம ஸ்டேட்டுக்கு மின்ன இன்னா பேரு தெரியுமா? மெட்ராஸ் ஸ்டேட்டு. தமிழ்நாடுன்னு பேரு வெய்யின்னு ஒரு பெரியவரு சோறு துன்னாம படுத்துக்கினாரு. படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. அவரு செத்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, பேரு வர்றதுக்கு."

அக்கா மாவு கரைத்துக்கொண்டே, "நீயும் ஒருநாளு படுத்துக்கயேன். அரிசியாவது மிஞ்சும்" என்றாள்.

"பாத்தியா தங்கச்சி? ஒரு மனுசன் பேருக்காக உயிரக் குடுத்துக்கீறான். இவ அரிசில நிக்கிறா."

"ஊர்ல கீற கல்லுக்கெல்லாம் கதை தெரியும். ஊட்டுல கேஸு தீந்துட்ச்சான்னு மட்டும் தெரியாது."

இப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். சண்டை மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு அவர் வரும்வரை அக்கா சாப்பிட மாட்டாள்.

ஒரே ஒரு தடவைதான் அவர் தாளிக்காமல் பேசி நான் கேட்டிருக்கிறேன். கரையில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கால்வாய் கறுப்பாக, நகராமல் கிடந்தது. மேலே தூணில் பறக்கும் ரயில் போனது. அவர் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த யாரு தோண்டினது தெரியுமா?"

"வெள்ளைக்காரன் தானே அண்ணே."

"பசி தோண்டிச்சு. பெரிய பஞ்சம் வந்திச்சாம். ஊர் ஊரா ஜனம் நடந்தே மெட்ராஸுக்கு வந்து உழுந்துச்சாம், எலும்பும் தோலுமா. சும்மா கஞ்சி ஊத்தக் கூடாதுன்னு, கூவத்துலேர்ந்து அடையாறு வரிக்கும் தோண்டுன்னு மண்வெட்டிய குடுத்தாங்களாம். அரை வயித்துக் கூலி. தோண்டத் தோண்ட செத்தாங்க."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"எங்கப்பன் இந்தத் தூணு நிக்கிற எடத்துலதான் குடிசை போட்டிருந்தான். ரயிலு வருது, காலி பண்ணுன்னாங்க. ஏன், எதுக்குன்னு ரெண்டு வார்த்த பேசத் தெரியல அவனுக்கு. மூட்டைய தூக்கிகினு வந்துட்டான்." லவங்கத்தை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். "சும்மா கீற ஜாகாவ எவன் வேணும்னா புடுங்கிப்பான் தங்கச்சி. கதை கீற ஜாகாவத் தொடறதுக்கு யோசிப்பான்."

அவர் ஏன் ஓயாமல் பேசுகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் ஒரு அம்மன் உண்டு. கால்வாயம்மன் என்போம். சிலை கிடையாது. இடுப்பளவு உயரத்துக்கு நட்டு நிற்கும் ஒரு பட்டைக் கல். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் அரைத்துப் பூசுவோம். பழைய மஞ்சளைச் சுரண்ட மாட்டோம், அதன் மேலேயே புது மஞ்சள். இப்படிப் பூசிப் பூசி, எங்கள் மாமியாரின் மாமியார் காலத்து மஞ்சள்கூட உள்ளே இருந்திருக்கும். கல் தெரியவே தெரியாது. அந்த மஞ்சளே அவளுக்கு முகம். என் பெண்ணுக்கு அம்மை வார்த்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுந்து உட்கார்ந்தபோது வேண்டிக்கொண்டபடி ஒரு ஜோடி வெள்ளிக் கண் வாங்கி அந்த மஞ்சளில் பதித்தேன். அதற்கப்புறம் அம்மன் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போகும்போது அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். சாயந்திரம் விளக்கு வைப்பது என் பொறுப்பு. யாரும் சொல்லி எடுத்துக்கொண்டது அல்ல, அப்படியே அமைந்துவிட்டது.

ஒரு காலை ஆட்கள் வந்து கதவுக்குக் கதவு சிவப்பு பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். வெள்ளம் வந்தால் கால்வாய்க் கரை ஆபத்தாம். ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டியிருக்கிறதாம். எல்லோரும் அங்கே போக வேண்டுமாம்.

அன்று யார் வீட்டிலும் ஒழுங்காக உலை வைக்கவில்லை. நான் வேலை செய்யும் வீடு மாட வீதியில் நடந்து போகிற தூரம். என் வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் வேலை, எல்லாம் இந்தச் சுற்று வட்டாரத்தில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம், அக்காவின் இட்லிக் கடை, எல்லாம் இங்கே. பூவரச மரத்தடியில் கூடினோம். ஆளாளுக்குப் பேசினார்கள். வக்கீலைப் பார்க்கலாம் என்றார்கள், ரோட்டில் உட்காரலாம் என்றார்கள்.

அவர் மட்டும் பேசாமல் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போன ஆடில தண்ணி ஊத்தறப்ப ஓரமா மஞ்ச பேந்து என் கைல தட்டுச்சு" என்றார். "மஞ்சளுக்குள்ள எழுத்து கீது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பழைய கோயிலுங்களாண்ட நீல போர்டு வெச்சிருப்பானே, பாத்திருக்கீங்களா? அந்த போர்டு இருந்தா சுத்தி ஒரு செங்கல்ல கூட எவனும் கை வெக்க முடியாது. கவர்மெண்டே வெக்க முடியாது. சட்டம் அது. மகாபலிபுரத்துல பாத்திருக்கேன். நம்ம கல்லு பழசுன்னு காட்டிட்டோம்னு வெச்சிக்கோ, இந்தத் தெருவ ஒருத்தன் அசைக்க முடியாது."

"மஞ்சளைச் சொரண்டச் சொல்றியா?" என்றார் என் மாமியார்.

"ஆயா, கல்லு பேசினாத்தான் நம்ம பேச்சு எடுபடும்."

"சாமி மூஞ்சைத் தேய்க்கற குடும்பம் வெளங்குமாடா?"

"நம்பரு போட்டுட்டான் ஆயா. இனிமே வெளங்கறதுக்கு இன்னா கீது?"

மாமியார் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தோம். முதலில் வெள்ளிக் கண்களை அவர்தான் மெதுவாக நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "பத்திரம் தங்கச்சி. வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சிடலாம்." தேங்காய் நாரும் புளியும் போட்டுப் பெண்கள் தேய்த்தோம். மஞ்சள் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. மேலே பிரகாசமாக, உள்ளே போகப் போகக் கறுப்பாக. தண்ணீர் ஊற்றியதும் கல் முழுக்க வரிவரியாக எழுத்து. தமிழ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

எங்கெங்கேயோ அலைந்து, பழைய கல்லெழுத்துப் படிக்கிற கவர்மெண்ட் ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார். சின்ன வயசு, பருத்திப் புடவை, தலையில் வெயிலுக்குத் தொப்பி. கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தாள். தெருவே சுற்றி நின்றது.

"விளக்கு தானம்" என்றாள். "ஒருத்தர் கோயிலுக்கு ஆடு குடுத்திருக்கார். அந்தப் பாலுலேர்ந்து நெய் எடுத்து ஒரு விளக்கு அணையாம எரியணும். சூரிய சந்திரர் இருக்கிற வரைக்கும்."

"ஆடு செத்துப் போச்சுன்னா மேடம்?" என்றார் அவர்.

"அதுக்குத்தான் அதுக்குப் பேரே 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடாகாது. ஒண்ணு செத்தா ஒரு குட்டி அந்த எடத்துக்கு வந்துடும். மந்தை குறையவே கூடாது."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கண் விரிந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எங்கள் கண்ணில் அவர் தேடியது அதுதான் போலும். "சாவா மூவா… சாவா மூவா…" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொசுறுக்கு ஒரு தாளிப்புக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எந்தக் கோயிலு மேடம்? கடலாண்ட இருந்த பழைய கபாலி கோயிலா?" இப்போதிருக்கிற கோயிலுக்கு முன்னால் பழைய கோயில் சாந்தோம் கடலோரத்தில் இருந்ததாக எல்லோரும் சொல்வது உண்டு.

"இருக்கலாம். கல்லு ஒடைஞ்சிருக்கு. கோயில் பேர் இதுல இல்ல."

சாயந்திரத்துக்குள் அந்த 'இருக்கலாம்' அவர் வாயில் 'அதேதான்' ஆகிவிட்டது.

நான் தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணைக் கேட்டேன். "அப்போ இது அம்மன்…?"

அவள் நல்லவள். முகம் வாடிப்போய்ச் சொன்னாள்: "அம்மன் உருவம் எதுவும் இல்லம்மா. இது சுவர்ல இருந்த கல்லு."

என் கைக்குள் வெள்ளிக் கண் இருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "ஆட்டுக் கணக்கு எழுதின கல்லாம் அத்தே." அவர் பாக்கை இடித்துக்கொண்டே, "கும்புட்டாச்சு. இனிமே அது இன்னாவா இருந்தா இன்னா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எனக்குச் செய்த எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

பேப்பரில் செய்தி வந்தது. நான் வேலை செய்யும் வீட்டு மாமி பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். "ஏண்டி, இது உங்க தெருக் கல்லான்னு பாரு! ஆயிரம் வருஷமாம். நீங்கள்லாம் அது மேல மஞ்சளை அப்பிண்டு இருந்திருக்கேளே!" மாமி கண் விரிந்திருந்தது. சாயந்திரம் தெருவுக்கு வந்து அதை அவரிடம் சொன்னபோது இரண்டு மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் தெருவுக்கே உயிர் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த நீல பெயிண்டில் ஒரு பலகை எழுதிக் கொடுத்தார்: 'புராதனக் கல். சேதப்படுத்தாதீர்.' அதை மரத்தில் அடித்தோம். அவர் வெள்ளைக்காரர்களைத் தெருவுக்குள்ளேயே அழைத்துவந்தார். "யூ நோ, மேடம்? ஷீப். நோ டெட். நோ ஓல்டு." அக்காகூட ஒருநாள் சிரித்துவிட்டாள். மஞ்சள் பூசக் கூடாது என்று ஆபீஸில் சொல்லியிருந்ததால் கண்களைத் திருப்பி வைக்க முடியவில்லை. விளக்கு மட்டும் தள்ளி வைத்தேன். கண் இல்லாமல் நின்றவளை நேராகப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனேன். இருக்கட்டும், தெருவைக் காப்பாற்றுகிறாளே என்று இருந்தேன்.

பிறகு ஒரு வண்டி வந்தது. நீளமான வண்டி, பின்னால் வைக்கோல் பரப்பியிருந்தது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இங்க இருந்தா கல்லு பாழாயிடும். பத்திரமா எடுத்துட்டு வரச் சொல்லி ஆர்டர்."

அவர் குறுக்கே நின்றார். "கல்லு போனா நாங்க இன்னா ஆவறது மேடம்?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல அண்ணா."

"பழைய கல்லுக்குப் பக்கத்துல எதையும் இடிக்கக் கூடாதுன்னு சட்டம் கீதுல்ல?"

அவள் வண்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "கல்லை இடிக்கக் கூடாதுண்ணா. பக்கத்துல வீடு கட்டி இருக்கக் கூடாது. அதான் சட்டம்."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் அப்பாவும் அன்றைக்கு இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

கல்லைத் தோண்டி எடுத்தார்கள். வெளியே தெரிந்ததைவிட மண்ணுக்குள் இருந்தது அதிகம். பூவரச வேர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேரை வெட்டினார்கள். பெண்கள் அழுதோம். அவர் மட்டும் அந்த ஆட்களிடம், "பாத்து, பாத்து, மூல ஒடைஞ்சிடப் போவுது" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். வைக்கோலில் படுக்க வைக்கும்போது தன் தோள் துண்டை எடுத்துக் கல்லுக்கு அடியில் கொடுத்தார்.

என் மாமியார் ஒரு பிடி மண்ணை வாரி அவர் மேல் தூற்றினார்.

"ஊமையா கெடந்த சாமிய பேச வெக்கறேன்னியேடா! பேசிச்சு பாரு. போறேன்னுட்ச்சு!"

அவர் மண்ணைத் தட்டிவிடவில்லை. தலைமுடியில் மண்ணோடு போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் இடிக்கிற இயந்திரம் வர நாளாகவில்லை. கல் இருந்தவரை பேப்பர்காரர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். கல் போனதும் அவர்களும் வரவில்லை. எங்கள் தெரு மறுபடியும் சும்மா ஒரு தெரு. இயந்திரத்துக்குக் குறுக்கே நிற்க ஒன்றுமில்லை. நீலப் பலகை இடிபாட்டில் எங்கேயோ போய்விட்டது.

ஊருக்கு வெளியே வந்தோம். ஏரிப் பக்கம் அடுக்கடுக்காகக் கட்டிடங்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்காகத்தான் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வேறு கட்டிடத்தில், எதிர்வீட்டுக்காரி வேறு மாடியில். நான் மாட வீதி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன், முடியவில்லை, நின்றுவிட்டேன். அக்காவின் இட்லிக் கடை போயிற்று. என் மாமியார் வந்த முதல் கோடையிலேயே போய்ச் சேர்ந்தார்.

அவர் பேச்சை விட்டுவிட்டார். ஆட்டோ கீழே வெயிலில் நின்றது. பழைய தெருப் பிள்ளைகள், "மாமா, இன்னா தெரியுமான்னு ஒண்ணு சொல்லேன்" என்று சூழ்ந்துகொண்டால், "போங்கடா, ஒண்ணும் தெரியாது" என்பார். யாரும் அவரை நேராகத் திட்டவில்லை. ஆனால் அவர் லிஃப்டில் ஏறினால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மேல் மாடிக்குப் படியேறியே போக ஆரம்பித்தார்.

அக்கா ஒருநாள் என் வீட்டுக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். "திட்டறதுக்காச்சும் ஒரு பேச்சு வேணுமேடி. அந்த மனுசன் வாயே தெறக்கல. அரிசி தீந்துட்ச்சுன்னு அவரே வந்து சொல்றாருடி எங்கிட்ட" என்று சொல்லி அழுதாள்.

ஆடி வெள்ளிக்கிழமை நான்தான் அவர்கள் இரண்டு பேரையும் வற்புறுத்திக் கிளப்பினேன். கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. தூக்கில் கூழ், ஒரு அகல், நல்லெண்ணெய், கொஞ்சம் மஞ்சள். வெள்ளிக் கண்களை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மியூசியம் என்றார்கள். ஒரு பெரிய கட்டிடத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட இடம். வரிசையாகக் கல்லாக நட்டிருந்தார்கள். எத்தனையோ ஊர்க் கற்கள். நம்முடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நேராகப் போய் ஒன்றின் முன்னால் நின்றார். சிமெண்டில் பதித்து, சுத்தமாகக் கழுவி, ஒரு தகடு வைத்திருந்தார்கள். 'விளக்கு தானக் கல்வெட்டு. கிடைத்த இடம்: மயிலாப்பூர்.' அவ்வளவுதான். தெரு பேர் இல்லை, அம்மன் பேர் இல்லை.

நான் அகலை எடுத்ததும் காவல்காரர் வந்தார். வயசானவர், மரியாதையாகத்தான் சொன்னார். "எண்ணெ, மஞ்சள், தீ எதுவும் கூடாதும்மா. அதோ போர்டு போட்டிருக்கு பாருங்க."

நான் அகலைப் பைக்குள் வைத்தேன். சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும் விளக்கு எரியணும் என்று எழுதிய கல் அது. அதற்கு எதிரே விளக்கு வைக்கக் கூடாது என்று ஒரு போர்டு.

அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லையும் போர்டையும் மாறி மாறி. பிறகு காவல்காரரிடம் திரும்பினார். ரொம்ப நாள் கழித்து அந்தக் குரல் வந்தது.

"சார், இதுல இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காவல்காரர் சுவாரசியமாகப் பக்கத்தில் வந்தார். "தெரியாதேப்பா. நானும் தினம் பாக்கறேன். உனக்குத் தெரியுமா? சொல்லேன்."

கேட்கிற காது கிடைத்துவிட்டது. ஆயிரம் வருஷக் கதை கைவசம் இருக்கிறது. அவர் கல்லின் மேல் கை வைக்கப் போனார். தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்தது போலிருக்கிறது, கையை இழுத்துக்கொண்டார்.

"எனுக்கும் தெரியாது சார்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அகலில் ஒட்டியிருந்த எண்ணெய் பையில் ஊறி என் புடவையெல்லாம் நல்லெண்ணெய் வாடை.

அந்த வருஷத்து மழையில் அவர் போய்விட்டார். வெள்ளம் வரும் என்று கால்வாய்க் கரையிலிருந்து எங்களைக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. நெஞ்சு வலிக்கிறது என்றவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள். தூக்கினவர்கள் எல்லாம் பழைய தெரு ஆட்கள்தான். லிஃப்டில் பேச்சை நிறுத்தினவர்களும் அதில் இருந்தார்கள். ரோடு வரும்போது அவர் இல்லை.

வெள்ளிக் கண்கள் என் சாமி அலமாரியில் ஒரு தட்டில் இருக்கின்றன. வேறு எந்தக் கல்லிலும் அதைப் பதிக்க எனக்கு மனம் வரவில்லை. சாயந்திரம் அதற்கு முன்னால்தான் விளக்கு வைக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் வேறு எந்தக் கரையிலிருந்தோ வந்தவர்கள். தட்டை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இது யாரு கண்ணு?" என்றார்கள்.

'தெரியுமா' என்று என் வாயில் வந்துவிட்டது. கப்பல், பஞ்சம், சாகாத ஆடு, பூவரச மரம், எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்றது. குழந்தைகளின் கண் விரியத் தயாராக இருந்தது. அப்போது வைக்கோல் பரப்பிய அந்த வண்டி என் ஞாபகத்தில் வந்தது.

தட்டை எடுத்து உள்ளே வைத்து அலமாரியைச் சாத்தினேன்.

"ஒண்ணுமில்லடா கண்ணு" என்றேன். "சும்மா."